கோடைக்கானல் வீட்டிலிருந்து நுட்பமாக நேரம் பார்க்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீடு நாயுடுபுரத்தில். கூடத்தில் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரம் மார்கழி, தை மாதங்களில் பின்தங்கும். அம்மா பென்சில் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார். மாற்றிய பிறகும் பின்தங்கும். பேட்டரிமேல் தப்பில்லை, குளிர்தான் காரணம் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் நேரத்தை அளக்கும் இந்த வேலையில் இறங்கினேன். இப்போது யாராவது தொடங்க விரும்பினால், நான் தடுமாறிய இடங்களில் அவர்கள் தடுமாற வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். முதல் படிக்கு ஒரு கம்பும் வெயிலும் போதும். அதற்கடுத்து சில நூறு ரூபாய் செலவாகும். கடைசிப் படி மட்டும் கொஞ்சம் பெரிய செலவு, அது எல்லோருக்கும் தேவையில்லை.

தொடங்கும் முன் ஒன்றே ஒன்றை மனதில் வையுங்கள். கடிகாரத்தைத் திருத்தாதீர்கள், எவ்வளவு தப்பு என்று குறித்து வையுங்கள். ஒரு கடிகாரம் தினமும் சரியாக இரண்டு நொடி பின்தங்கினால் அது நல்ல கடிகாரம், கணக்குப் போட்டுச் சரியான நேரத்தை எடுத்துவிடலாம். இன்று இரண்டு நொடி, நாளை எட்டு நொடி என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் பிரச்சினை. நீங்கள் முள்ளைத் திருப்பிய அந்தக் கணமே, அதுவரை அது எப்படி ஓடியது என்ற கதை அழிந்துவிடும். வானாய்வகங்களில் இதுதான் நடைமுறை. மதராஸில் 1792-ல் கட்டிய வானாய்வகம் 1899-ல் கோடைக்கானலுக்கு வந்தது. லண்டனில் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம் ஒன்றும் கூடவே வந்தது. இப்படிப்பட்ட கடிகாரங்களை நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்ப்பார்கள். வித்தியாசம் நோட்டில் ஏறும், முள்ளைத் தொட மாட்டார்கள்.

எந்த நேரத்தோடு ஒப்பிடுவது?

இந்திய நேரம் என்பது உலகப் பொது நேரமான யுடிசியோடு ஐந்தரை மணி கூட்டியது. அதைக் காக்கும் பொறுப்பு புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு. அங்கே அணுக் கடிகாரங்கள் இடைவிடாமல் ஓடுகின்றன. அணுக் கடிகாரம் என்றதும் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் முதலில் கேட்டது, “தம்பி, கூடங்குளம் மாதிரி கதிர்வீச்சு வருமா?” என்றுதான். வராது. சீசியம் 133 சிதையாத அணு. அது வெடிப்பதோ பிளப்பதோ இல்லை. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட நுண்ணலை பட்டால் மட்டும் அது நிலை மாறும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரே போகும், அது மாதிரி. அந்த அதிர்வெண் நொடிக்கு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை. 1967 முதல் ஒரு நொடி என்பதற்கு வரையறையே இதுதான். இந்த எண் தில்லியிலும் பூம்பாறையிலும் ஒன்றே. அதனால்தான் பூமியின் சுழற்சியைக்கூட இதை வைத்து அளக்கிறார்கள்.

படி 1: கம்பு நட்டு நடுப்பகல் பார்ப்பது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சங்க காலத்திலேயே மனைக்கு நூல் பிடிக்கும் முன் கோல் நட்டு நிழல் பார்த்திருக்கிறார்கள். இரண்டடி உயரத்துக்கு நேரான கம்பு ஒன்று, சமமான தரை, தூக்குக்குண்டு இவை போதும். தூக்குக்குண்டு இல்லையென்றால் நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். காலை பத்தரை வாக்கில் நிழலின் நுனியைக் குறித்து, கம்பை மையமாக வைத்து அந்த நுனி வழியாக ஒரு வட்டம் வரையுங்கள். நிழல் சுருங்கி, மதியத்துக்குப் பிறகு மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும். இரண்டு நேரங்களுக்கும் நடுவில் இருப்பது உங்கள் ஊரின் நடுப்பகல். காலை 10:40, மதியம் 2:02 என்றால் நடு நேரம் 12:21.

ஏன் 12 வரவில்லை? இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. கோடைக்கானல் ஏறத்தாழ 77.5 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம், ஐந்து டிகிரிக்கு இருபது நிமிடம். சூரியன் நம் தலைக்கு நேரே வர இருபது நிமிடம் தாமதம். பூமியின் பாதை வட்டமில்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. பிப்ரவரி நடுவில் நடுப்பகல் 12:34 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12:04-க்கே வந்துவிடும். டிசம்பர் 25 வாக்கில் இந்த ஏற்ற இறக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். முதல்முறை செய்ய அது நல்ல சமயம், நிழலும் நீளமாக விழும். ஏப்ரல் நடுவில் செய்யாதீர்கள். அப்போது சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே காணாமல் போகும்.

நம் ஊரில் மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடும். ஒரே வட்டத்தை நம்பி உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். காலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்தாறு வட்டம் போட்டுவிடுங்கள், ஏதாவது ஒன்றாவது கிடைக்கும். கவனமாகச் செய்தால் ஒரு நிமிடத்துக்குள் சரியாக வரும்.

படி 2: போன் நேரம் எவ்வளவு நம்பகம்?

போனில் ‘தானியங்கி நேரம்’ போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் சரியாக இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் என்டிபி முறையில், அதாவது இணையம் வழியாக நேரத்தைக் கேட்டு வாங்கும் முறையில், நேரம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது சர்வரிடம் நேரம் கேட்கும். கேள்வி போய்ப் பதில் வர ஆன மொத்த நேரத்தில் பாதியை, சர்வர் சொன்ன நேரத்தோடு கூட்டிக் கணக்கிடும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கும் என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. மலையில் சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும்போது அந்த அனுமானம் பொய்த்துவிடும், பத்துகள் கணக்கில் மில்லிநொடி தப்பு வரும். மூன்று நான்கு முறை பார்த்துக் குறைந்த தாமதத்தில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவி செய்தியில் ஓடும் கடிகாரத்தை வைத்து எதையும் சரிபார்க்க வேண்டாம். சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பவே கால் நொடி ஆகும், அப்புறம் படத்தைச் சுருக்கி விரிக்கும் தாமதம் வேறு.

படி 3: ஜிபிஎஸ் மாட்யூல்

இங்கேதான் அணுக் கடிகாரம் நம் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. ஜிபிஎஸ் போலவே இடம் காட்டும் நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களிலும் அப்படித்தான். முன்பு அவற்றுக்கு வெளிநாட்டு ரூபிடியம் கடிகாரங்களை (சீசியத்துக்குப் பதில் ரூபிடியம் அணுவை வைத்து ஓடும் அணுக் கடிகாரங்கள்) வாங்கி வைத்தார்கள், சில பழுதாகின. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளில் அகமதாபாத்தில் நாமே செய்த ரூபிடியம் கடிகாரம் போனது. எனக்கு அது ரொம்பப் பெருமையான நாள்.

வாங்க வேண்டியது நியோ-6எம் அல்லது நியோ-எம்8 வகை போர்டு. ஆன்லைனிலும் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கும். கடைக்காரரிடம் “பிபிஎஸ் முனை இருக்கா?” என்று கேளுங்கள். நொடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கும் முனை அது. மலிவான போர்டுகளில் அது தனியாக வெளியே வராது. எல்இடிக்குப் போகும் கோட்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பியைச் சால்டர் செய்து எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதிக்கு அந்த எல்இடி மட்டுமே போதும். ஐந்து வோல்ட் தாங்குமா, மூன்று புள்ளி மூன்றுதானா என்று பார்த்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். மின்வெட்டுக்குப் பயந்து பவர் பேங்கில் போட்டால் சில பவர் பேங்குகள் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். மாட்யூல் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு, எதுவும் செருகவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும்.

ஆன்டெனா என்பது ஒரு சதுரப் பீங்கான் துண்டு. அதன் முகம் வானம் பார்த்து இருக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் கிடைக்கவே கிடைக்காது. ஓட்டு வீடானால் சில சமயம் கிடைக்கும். மழையில் நனைந்த யூகலிப்டஸ் மரத்தடியில் நான் ஒருமுறை அரை மணி நேரம் காத்திருந்து வெறுங்கையோடு வந்தேன். ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும். மாடி, முற்றம், இல்லையென்றால் வானம் அகலமாகத் தெரியும் ஜன்னல் விளிம்பு, இவை சரி. ஆன்டெனாவை வெளியே நிரந்தரமாக வைப்பதானால் சித்திரை இடிமழைக்கும் ஐப்பசி இடிமழைக்கும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இணைப்புகளில் மூடுபனி ஈரம் இறங்காதபடி டேப் சுற்றுங்கள்.

திறந்த வெளியில் வைத்தால் அரை நிமிடம் முதல் சில நிமிடங்களுக்குள் எல்இடி சிமிட்டத் தொடங்கும். நொடிக்கு ஒரு சிமிட்டல். அது எரியத் தொடங்கும் கணம்தான் நொடியின் தொடக்கம். நியோ-6எம்-ல் அந்தத் துடிப்பின் தவறு பத்துகள் கணக்கிலான நானோநொடிகள்தான். ஒளியே ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும்.

எல்இடி, நொடி எப்போது தொடங்குகிறது என்று சொல்லும். அது எத்தனையாவது நொடி என்று சொல்லாது. அதைப் போனில் பார்த்துக்கொள்ளலாம், அரை நொடிக்குள் சரியாக இருந்தால் போதும். மாட்யூலைக் கணினியில் செருகி அது அனுப்பும் எழுத்துகளிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அப்படி எடுக்கும்போது செருகிய உடனே நம்பாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட இப்போது 18 நொடி முந்தி ஓடுகிறது. இந்த வித்தியாசம் எவ்வளவு என்ற தகவல் முழுச் செய்தியோடு வந்துசேரப் பன்னிரண்டரை நிமிடம் வரை ஆகும். அதற்குள் காட்டும் நேரம் சில நொடி தள்ளி இருக்கலாம். நான் கால் மணி நேரம் காத்திருப்பேன். பழைய மாட்யூல் சில, தேதியைப் பத்தொன்பதரை வருடம் பின்னால் காட்டும். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் வரும் குழப்பம் அது. துடிப்பு சரியாகத்தான் இருக்கும், தூக்கிப்போட வேண்டாம்.

படி 4: செகண்ட் முள்ளையும் எல்இடியையும் ஒரே படத்தில் பிடிப்பது

எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடிக்கும். போனில் ஸ்லோ மோஷன், நொடிக்கு 240 ஃபிரேம். டக் டக்கென்று தாவும் செகண்ட் முள் உள்ள சுவர்க் கடிகாரத்தை இறக்கி மேஜையில் சாய்த்து வையுங்கள். எல்இடியை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் தெரியும்படி பத்து நொடி எடுங்கள். பிறகு கணினியில் விஎல்சி போன்ற பிளேயரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள்.

முதல் வேலையாக, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 240 வர வேண்டும். வராவிட்டால் வந்த எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள், உங்கள் கேமராவின் உண்மையான வேகம் அதுதான். அப்புறம் எல்இடி எரியத் தொடங்கிய ஃபிரேமிலிருந்து முள் அசையத் தொடங்கும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். அசையத் தொடங்கும் ஃபிரேம் என்பது முக்கியம். அருகில் பார்த்தால் முள் ஒரே தாவலில் நிற்பதில்லை. கோட்டைத் தாண்டிப் போய், திரும்பி, நடுங்கி அடங்கும். வெறும் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. 60 ஃபிரேம் என்றால் கால் நொடி. போனில் பார்த்த நொடியோடு சேர்த்தால் மொத்தத் தவறு கிடைத்துவிடும்.

ஒரு நுணுக்கம்: போன் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. எல்இடி மேல் ஓரத்திலும் முள் கீழ் ஓரத்திலும் இருந்தால் அதிலேயே சில மில்லிநொடி வித்தியாசம் வரும். இரண்டையும் வரிகளுக்கு இணையாக, ஒரே மட்டத்தில் வையுங்கள்.

படி 5: நோட்டு

தேதி, நேரம், எத்தனை நொடி தப்பு, அறையின் வெப்பநிலை. நான்கு பத்தி போதும். தை முதல் தேதி கடிகாரம் 0.25 நொடி பின்தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து நான்கு நொடியும் 108 ஃபிரேமும், அதாவது 4.45 நொடி. வித்தியாசம் 4.20, நாளுக்கு 0.42 நொடி. இதுதான் அந்தக் கடிகாரத்தின் போக்கு.

இனி அம்மாவின் பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். குவார்ட்ஸ் கடிகாரத்தைத் திறந்தால் அரிசிமணி அளவில் வெள்ளி நிறத்தில் ஒரு குழல் இருக்கும். அதற்குள்ளே இசைக்கவை வடிவத்தில் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. பாதி பாதியாக 15 முறை வகுத்தால் ஒரு நொடி கிடைக்கும். இந்தப் படிகம் சுமார் 25 டிகிரியில்தான் தன் உச்ச வேகத்தில் அதிரும். அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் வேகம் குறையும். விலகல் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. 25 டிகிரியில் சரியாக ஓடும் கடிகாரம், 13 டிகிரி இருக்கும் நம் கூடத்தில் நாளுக்கு ஏறத்தாழ 0.4 நொடி இழக்கும். அதையே மே மாதம் மதுரைக்குக் கொண்டுபோய் 36 டிகிரி அறையில் மாட்டினால் அங்கேயும் 0.35 நொடி அளவுக்கு இழக்கும். சூட்டில் வேகமாக ஓடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கையில் கட்டும் வாட்ச் உடம்புச் சூட்டில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. இதற்கு மேல், படிகத்துக்குப் படிகம் பிறவியிலேயே உள்ள வித்தியாசமும் உண்டு, அது நாளுக்கு ஒன்றரை நொடிக்கு மேலும் போகலாம். அதனால் என் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகாது. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள், அது ஒத்துப்போகும்.

குறைந்தது மூன்று மாதம் எழுதுங்கள். நடுவில் யாராவது அன்பாகக் கடிகாரத்தைச் சரிசெய்து வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது. ‘தொட வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டிவிடுங்கள்.

படி 6: வீட்டுக்கு ஒரு நேர சர்வர்

ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய கணினி இருந்தால் பிபிஎஸ் கம்பியை அதில் இணைத்து, க்ரோனி என்ற மென்பொருளை நிறுவினால் வீட்டிலுள்ள எல்லாக் கணினிக்கும் அது நேரம் கொடுக்கும். மைக்ரோநொடி அளவுக்குச் சரியாக வரும். இணையம் அறுந்தாலும் நேரம் அறுகாது, மழைக்காலத்தில் அடிக்கடி லைன் போகும் நமக்கு அது நல்ல வசதி. செய்முறை இணையத்தில் நிறையக் கிடைக்கும். பிபிஎஸ்ஸை எழுத்துச் செய்தியோடு சேர்த்து அமைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தனியாக விட்டால் அது எந்த நொடி என்று தெரியாமல் நிற்கும்.

படி 7: ரூபிடியம், ஆசை இருந்தால்

மொபைல் டவர்களிலிருந்து கழற்றிய பழைய ரூபிடியம் பெட்டிகள் ஆன்லைனில் செகண்ட் ஹாண்டில் வரும். செங்கல்லைவிடச் சிறிய உலோகப் பெட்டி. உள்ளே ரூபிடியம் ஆவி அடைத்த கண்ணாடிக் குப்பி, அதன் வழியே ஓர் ஒளி. நுண்ணலை சரியான அதிர்வெண்ணுக்கு வந்ததும் மறுபக்கம் விழும் ஒளி லேசாக மங்கும். அந்த மங்கலைப் பிடித்துக்கொண்டு குவார்ட்ஸை இழுத்து நேர்ப்படுத்துகிறது பெட்டி. சூடாகிப் பிடிக்க ஐந்து பத்து நிமிடம் ஆகும். அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள். நம் குளிரை நம்பி அப்படியே விட்டால் கையைச் சுடும். ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை நேர்ப்படுத்திவிட்டால், ஜிபிஎஸ் இல்லாமலே ஒரு மாதத்துக்கு மில்லிநொடிக்குள் நிற்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு விசேஷம் உண்டு. உயரத்தில் காலம் சற்று வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொல்கிறது. கோடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் சுமார் 1,800 மீட்டர் வித்தியாசம். கணக்குப் போட்டால், இங்குள்ள அணுக் கடிகாரம் அங்குள்ளதைவிட நாளுக்கு ஏறத்தாழ 17 நானோநொடி முந்தும், வருடத்துக்கு ஆறு மைக்ரோநொடி. ஊசல் கடிகாரமோ நேரெதிர். மேலே ஈர்ப்பு குறைவு, அதனால் அது நாளுக்கு இருபது நொடி அளவில் பின்தங்கும். ரூபிடியம் பெட்டியால் இந்த 17 நானோநொடியைப் பிடிக்க முடியாது, அதன் சொந்தத் தடுமாற்றமே அதைவிடப் பெரிது. நல்ல சீசியம் கடிகாரம் வேண்டும். 2005-ல் டாம் வான் பாக் என்ற அமெரிக்க ஆர்வலர் மூன்று சீசியம் கடிகாரங்களைத் தன் பிள்ளைகளோடு வண்டியில் ஏற்றி ரெய்னியர் மலைக்குப் போய், இரண்டு நாள் தங்கி இறங்கினார். வீட்டில் விட்டுவந்த கடிகாரங்களைவிட அவை 20 நானோநொடிக்குச் சற்று மேல் முந்தியிருந்தன.

இதை வைத்து என்ன செய்யலாம்?

சந்திரன் நட்சத்திரத்தை மறைப்பதை நேரம் பிடியுங்கள். சந்திரன் வானத்தில் நொடிக்கு அரை விகலை நகர்கிறது (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் விகலை). அதற்குக் காற்று மண்டலம் இல்லாததால் நட்சத்திரம் மங்காமல் சட்டென்று அணையும். ஊட்டி முத்தொரையில் 1970 முதல் இருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் இதே முறையில்தான் தொலைதூர ரேடியோ மூலங்களை அளந்தது. நமக்குச் சிறிய தொலைநோக்கியும் போனும் போதும்.

வளர்பிறையில் செய்யுங்கள். அப்போது சந்திரனின் முன் ஓரம் இருட்டாக இருக்கும், மறைவது தெளிவாகத் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே வானம் நன்றாக இருக்கும். அரை மணி முன்பே மாட்யூலை வெளியே வைத்துவிடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள், இடம் தெரியாத நேரக் குறிப்பால் பயனில்லை. இருட்டில் போகும்போது டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள், காட்டுமாடு நிற்கும். வீடியோவை இரண்டு நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். எல்இடியைத் தொலைநோக்கியின் வாய் ஓரத்தில் பத்து நொடி காட்டி எடுத்துவிடுங்கள், படத்தில் வெளிச்சம் சிமிட்டுவது பதிவாகும். அந்த நொடி என்ன என்று வாயால் சொல்லுங்கள், ஒலியும் பதியட்டும். நட்சத்திரம் அணைந்ததும் கேமராவை நிறுத்திவிடாதீர்கள். மறுபடி எல்இடியைப் பத்து நொடி காட்டி, மறுபடி நொடியைச் சொல்லி, அதற்குப் பிறகு நிறுத்துங்கள்.